மெர்சிங் கடைக்கு நான் கொடுக்காத பெயர்

ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அஞ்சலை எழுதுவது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி உங்களில் ஒருத்தியிடமே இதைக் கொடுக்கிறேன். பிழையை மட்டும் திருத்தட்டும். பேச்சைத் திருத்த வேண்டாம்.

போன மாதம் உங்களைப் பார்க்க வந்திருந்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு மைலோ கலக்கிக் கொடுத்தீர்கள். மனசு நிறைந்தது. அப்போது உங்களில் ஒருத்தி போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் இந்தியாவில் இருந்து யாரோ ஒருவர், ஜொகூரில் கம்பெனி திறக்க வேண்டும் என்று கேட்கிறார். "சார், என்ன பிசினஸ்? ரீடெய்லா, சர்வீஸா, இம்போர்ட்டா?" என்று இவள் கேட்கிறாள். நல்ல கேள்விதான். ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. அடுத்தவர் போன் பேசும்போது இடையில் புகுந்து பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டுக்காரர்களுக்குக் கம்பெனியும் லைசென்சும் எடுத்துக் கொடுக்கிற இந்த ஆபீசில் நான் பார்த்த வேலைக்கு ரன்னர் என்று பெயர். பைலைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராகப் போவது, வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கடை காட்டுவது, எண் கூப்பிடும்வரை அவர்களோடு உட்கார்ந்திருப்பது. என் கையில் கொடுத்த பைல் ஒன்றுகூடத் தொலைந்தது கிடையாது. கம்பெனிப் பதிவு, கடைக்கு நகராண்மை மன்றத்தின் லைசென்ஸ், போர்டு மாட்ட ஒரு லைசென்ஸ், பொம்பாக்காரர்கள் வந்து தீயணைப்புச் சாமானைப் பார்ப்பது, குடிநுழைவு ஆபீசில் தங்குவதற்குப் பாஸ் எடுப்பது, இதெல்லாம் இன்றைக்குக் கம்ப்யூட்டரே உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும். நான் சொல்ல வந்தது அது இல்லை.

எனக்கு வேலை கொடுத்த மேடத்தை நீங்கள் பார்த்ததில்லை. சிலோன் தமிழர். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவராம். மேடம் யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். முதல் நாள் என்னை உட்கார வைத்து ஒன்று சொன்னார். "அஞ்சலை, கடைக்கு என்ன லைசென்ஸ் எண்டு பிறகு பாக்கலாம். முதல்ல இஞ்ச ஆர் வந்து இருக்கப் போயினம் எண்டு கேளும்." எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. தலையை ஆட்டினேன். விளங்கியது சண்முகவேல் வந்த பிறகுதான்.

கொரோனாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. சண்முகவேல் தூத்துக்குடிக்காரர். துபாயில் ஹோட்டல் அடுப்படியில் பாதி வயதைப் போக்கிவிட்டு, இனி யாரிடமும் கை கட்டி நிற்பதில்லை, சொந்தக் கடை வைப்பது என்று இங்கே வந்தவர். மெர்சிங்கில் தீவுகளுக்குப் படகு ஏறுகிற துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை வீடு காலியாக இருக்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மீன் குழம்புக் கடை போட வேண்டும் என்று கனவு.

அவர் வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் ஆபீஸ் லீவு. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் அடிக்கடி இதில் மாட்டிக்கொள்வார்கள். அவரும் மாட்டிக்கொண்டார். மேடம் போனில் என்னிடம், "மனுசனை ஹோட்டலில சும்மா இருத்தி வைக்காதையும். மெர்சிங் கூட்டிக்கொண்டு போய் கடையைக் காட்டும்" என்றார்.

மெர்சிங் கொஞ்ச தூரமா! கோத்தா திங்கி தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம்தான். பேச்சு கொடுக்காமல் கார் ஓட்டினால் தூக்கம் வந்துவிடும். கிளையண்டுகள் எல்லாரும் என்னை அக்கா என்பார்கள், ஆன்ட்டி என்பார்கள். நம் சொந்தப் பிள்ளைகள் மலாய்க்காரர் மாதிரி மாக்சிக் என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் காரில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டே, "ஒங்க பேர் என்ன?" என்றார்.

"அஞ்சலை."

"அஞ்சலை, நீங்க சாப்பிட்டியளா?"

அவ்வளவுதான் கேட்டார். பாசிர் கூடாங்கில் ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுப் போனதற்குப் பிறகு, என் பெயரைச் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்ட ஆம்பளை கிடையாது. இதை என் மருமகளும் படிப்பாள் என்று தெரியும். படிக்கட்டும்.

கடை நல்ல இடம். முன்னால் நின்றால் படகுத்துறை தெரிகிறது, மீன் இறக்குகிற சத்தம் கேட்கிறது. அவர் உள்ளே போய் அடுப்பு எங்கே வரும், கழுவுகிற இடம் எங்கே வரும் என்று காலால் அளந்தார். ஓர் ஓரத்தைக் காட்டி, "இது ஒங்க மேசை. நீங்க எப்ப வந்தாலும் இதுல யாரும் ஒக்காரக் கூடாது" என்றார். விளையாட்டுக்குச் சொன்னார். நான் திரும்பி வரும் வழி முழுக்க அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது அவர் போன் அடித்தது. ஊரில் இருந்து அவர் வீட்டம்மா, பேச்சி. ஸ்பீக்கரில் போட்டார். குரல் கணீர் என்று இருந்தது.

"கட எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குட்டி. கடல் தெரியுது."

"கடல் இங்கயுந்தான் தெரியுது. எனக்கு எப்ப டிக்கெட் போடுதிய?"

"முதல்ல லைசென்ஸ் வரட்டும்."

"துபாய்ல இருந்தப்பவும் முதல்ல அது வரட்டும் இது வரட்டும்னு சொன்னிய. நான் போட்டோவுக்குப் பொண்டாட்டியா இருந்தேன். இந்தத் தடவ அப்படி இல்லன்னு சாமி முன்னால சத்தியம் பண்ணியிருக்கிய, ஞாபகம் இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியளா, கோர்ட்டுல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். நானும் சிரித்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் முன்னால் அவர் உட்கார்ந்தார். மேடம் முறையாகக் கேட்டார். "குடும்பம் வருமோ?"

"இல்ல மேடம். நான் தனி ஆள். கடை மட்டுந்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். இங்கே உள்ள ஒரு புரோக்கர் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தானாம், குடும்பம் வரும் என்று வாயைத் திறந்தால் இந்த ஊரில் குடியேற வருகிறான் என்று எழுதிவிடுவார்கள், லைசென்ஸே கிடைக்காது என்று. நம் ஆட்கள் அப்படித்தான். ஆபீஸ் என்று வந்துவிட்டால், உண்மையை விட்டுவிட்டு, எதைச் சொன்னால் அந்த மேசைக்குப் பிடிக்கும் என்று யோசிப்பார்கள். உதவி செய்ய உட்கார்ந்திருப்பவரிடமே மறைப்பார்கள்.

தனி ஆள் என்று சொன்னாலும் மேடம் சரியான வழியைத்தான் சொன்னார். வெளிநாட்டுக்காரர் கடை நடத்த வேண்டுமானால் சென்டிரியான் பெர்ஹாட் என்கிற தனியார் கம்பெனி பதிய வேண்டும், ஹோட்டல் வைக்க அமைச்சின் தனி அனுமதி வேண்டும், முதலீடு பெரிதாக இருக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அவர் முகம் வாடிவிட்டது. ஊரில் இரண்டு மச்சான்களையும் கூட்டாளியாகச் சேர்த்தால்தான் அந்த முதலீடு முடியும். மச்சான்களிடம் போய் நிற்க அவருக்கு மனசில்லை. அதற்குள் கடைச் சொந்தக்காரர், சீனத் தவுக்கே, நெருக்க ஆரம்பித்துவிட்டார். மழைக்காலம் முடிந்து படகு ஓடத் தொடங்குவதற்குள் கடையில் ஆள் வந்தாக வேண்டும், இல்லையென்றால் சட்டை தொப்பி விற்கிற ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்று தினம் ஒரு போன்.

அப்போதுதான் சண்முகவேல் என்னிடம் கேட்டார். ஆபீசில் இல்லை. ஜொகூர் பாருவில் நான் டீ குடிக்கிற கடையில்.

"அஞ்சலை, ஒங்க பேரக் குடுப்பியளா?"

பிள்ளைகளே, இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பேர் கொடுப்பது என்பது பெரிய மனசுக்காரர்கள் செய்கிற காரியம். டாக்சிக்கு ஒருவர் பேர், ஓட்டுகிறவர் வேறு. சாப்பாட்டுக் கடைக்கு அத்தை பேர், நடத்துவது மருமகன். கேட்டால் இல்லை என்று சொல்வது அசிங்கம். கல்யாண வீட்டில் உங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என் அப்பா பேர் கொடுத்தவர், என் வீட்டுக்காரர் பேர் கொடுத்தவர். உள்நாட்டு ஆளுக்குத் தன் பேரில் எண்டர்பிரைஸ் என்று ஒரு சின்னத் தொழில் பதிவது கஷ்டமே இல்லை. அடையாள அட்டையைக் கொண்டுபோய்க் கவுண்டரில் நின்றால் முடிந்தது. பேர் என்னுடையது, கடை அவருடையது.

"மேடம் இதுல கை வைக்க மாட்டாங்க" என்றேன்.

"மேடத்துக்கிட்ட யாரு கேட்டா? ஒங்களக் கேக்குதேன். கடைக்கு வேற பேரே தேட வேண்டாம். அஞ்சலை மெஸ்னு போர்டு வச்சிருவோம்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் போர்டைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேர் போட்ட போர்டுக்குத்தான் லைசென்ஸ் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். படகுத்துறைக்கு எதிரே என் பேர் பெரிய எழுத்தில் நிற்கும். உள்ளே அவர் குழம்பு கிண்டுவார். என் கையெழுத்து இல்லாமல் அந்தக் கடை ஓடாது, மாதம் ஒரு தடவையாவது நான் போக வேண்டி வரும். அந்த ஓரத்து மேசை. எனக்கு ஆசையாக இருந்தது. கடைமேல் ஆசையா, போர்டுமேல் ஆசையா, ஆள்மேல் ஆசையா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தது.

"சரி, போலாம்" என்றேன்.

மறுநாள் காலையில் தொழில் பதிவுக் கவுண்டருக்குப் போனோம். எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்தில் நாசி லெமாக் சோறு விற்கிற ஒரு மலாய்க்காரப் பெண், ஒரு சீனக் கிழவர். எல்லாரும் அவரவர் கடைக்கு வந்தவர்கள். நான் ஒருத்திதான் இன்னொருத்தர் கடைக்கு. தவுக்கே போன் செய்தார். சண்முகவேல் போனை என்னிடம் கொடுத்தார், மலாயில் பேசச் சொல்லி. "இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள பதிவு பேப்பர் வரணும் லா, இல்லன்னா நாளைக்கு சட்டைக்காரனுக்குக் குடுத்துருவேன்" என்கிறார். வரும் வரும் என்று சொல்லி வைத்தேன்.

வைத்த உடனே மறுபடி அடித்தது. இந்தத் தடவை பேச்சி. அவர், "ஒங்ககிட்டதான் பேசணுமாம்" என்று போனை நீட்டினார்.

"அக்கா, நான் பேச்சி பேசுதேன். ஒங்க பேர்ல எடுக்கியளாம்லா. யாரு செய்வா இப்படி? பெத்த தாய்கூட யோசிப்பா. லைசென்ஸ் வந்ததும் எனக்கு விசா போடுதேன்னு இவுக சொல்லியிருக்காக. நான் வந்து ஒங்களுக்கு நண்டு வச்சுத் தாரேன். நீங்க நண்டு சாப்பிடுவியளா?"

"சாப்பிடுவேன் மா" என்றேன்.

"பெட்டியெல்லாம் இப்பவே எடுத்து வச்சிட்டேன். எங்கம்மா சிரிக்கா, கிறுக்குப் பிடிச்சவன்னு."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். மேடம் கிளையண்டுகளிடம் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே எனக்கு ஒரு விஷயம் தெரியும். என் பேரில் கடை என்றால் நான் முதலாளி. அவர் என் கடையில் சமைக்க வந்த வெளிநாட்டு வேலையாள். அதற்கும் தனி பெர்மிட் வேண்டும், அது கிடைத்தாலும் வேலையாள் பெர்மிட்டில் பெண்டாட்டியைக் கூட்டிவர முடியாது. பேச்சி பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, தன்னை வரவே விடாத ஒரு லைசென்சுக்கு எனக்கு நன்றி சொல்கிறாள்.

எங்கள் எண் விழுந்தது. கவுண்டரில் சின்ன வயசுப் பெண். என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு மலாயில் மரியாதையாகக் கேட்டாள், "மாக்சிக், இந்தத் தொழிலை நடத்தப் போவது நீங்கள்தானா?" அவள் சும்மாதான் கேட்டாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. ஆமாம் என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். அடுத்தவருக்காக எத்தனையோ கவுண்டரில் எத்தனையோ ஆமாம் சொன்னவள் நான்.

அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"பேச்சி எப்ப வராங்க?" என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு அது? ஆமான்னு சொல்லுங்க."

"என் பேர்ல எடுத்தா நீங்க என் கடையில கூலி ஆளு. பேச்சிக்கு அதுல இடம் இல்ல. இது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அவர் கவுண்டர் பெண்ணைப் பார்த்தார், கீழே பார்த்தார். "கட ஓட ஆரம்பிச்சிரட்டும். ரெண்டாவது வருசம் பாத்துக்கிடலாம்" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. முழுக்க இல்லாவிட்டாலும் பாதி தெரிந்திருந்தது.

"ரெண்டாவது வருசமும் இதே லைசென்ஸ்தான் இருக்கும். மூணாவது வருசமும்."

"ஒங்களுக்கு என்ன போச்சு அஞ்சலை? பேர்தான கேட்டேன்!"

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. நாசி லெமாக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரு கவுண்டர் முன்னால் காட்டுகிறவள் நான் இல்லை. அட்டையைத் திருப்பி வாங்கி, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிடச் சொன்னேன்.

வெளியே மழை. காரில் அவரை ஹோட்டலுக்குக் கொண்டுபோனேன். வாசலில் இறங்கும்போது, "சட்டைக்காரன் ஜெயிச்சிட்டான்" என்றார். கதவை அவர் ஓங்கி அடைத்திருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும். மெதுவாக அடைத்துவிட்டுப் போனார்.

அங்கிருந்து நேராக மேடத்திடம் போனேன். பேர் கொடுக்கப் போனதையும் சொன்னேன், கொடுக்காமல் வந்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவருக்கு மனுசி இருக்கிறா, வரப் பெட்டி கட்டிக்கொண்டு இருக்கிறா. இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அஞ்சலை."

"அவர் மறைச்சிட்டாரு மேடம்."

"அவர் மறைப்பார். வாற ஆக்கள் எல்லாரும் மறைப்பினம். உமக்குத் தெரியும் தானே. காரில நீர் கேட்டனீர் தானே."

அது திட்டு இல்லை. ஆனால் திட்டைவிடக் கனமாக உள்ளே இறங்கியது. நான் பார்த்தது ரன்னர் வேலை, பைல் தூக்குகிற வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவள்தான் இந்த ஆபீசுக்குக் காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மேடம் அவரைக் கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தார். இந்தத் தடவை போனில் பேச்சியும் இருந்தாள். எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னார். உங்கள் பேரிலேயே கம்பெனி, நீங்கள் டைரக்டர், அப்படிப் பாஸ் எடுத்தால் மனைவியையும் கூட்டிவரலாம், ஆனால் மெர்சிங் கடை கைவிட்டுப் போகும், மச்சான்களிடம் போக வேண்டும், எவ்வளவு நாள் ஆகும் என்று சத்தியம் பண்ண முடியாது. பேச்சிதான் பேசினாள்.

"எங்க அண்ணன்மார்கிட்ட நான் கேக்குதேன். இவுகளுக்கு வாய் வராது. கட போனா போகட்டும் மேடம். கட வேற கெடைக்கும்."

அவர் ஊருக்குத் திரும்பினார். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியில் சாப்பிட்டீர்களா என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. உள்ளே போகும்போது, "வாரேன் அஞ்சலை" என்றார். போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை, வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலம் நீளமாக இருந்தது. கம்பெனிப் பதிவுக்கு அவர் கையெழுத்துப் போட்ட பேப்பர்கள் ஊரில் இருந்து வந்தன. அமைச்சு ஒன்று கேட்கும், நாங்கள் கொடுப்போம், இன்னொன்று கேட்கும். அவர் பைல் கவுண்டருக்குப் போக வேண்டி இருந்தால் வேறு யாரையும் தொட விடமாட்டேன், நானே போவேன். ஒரு தடவை வேறு வேலையாக மெர்சிங் போனேன். அந்தக் கடையில் கலர் கலராகச் சட்டை தொங்கியது. அடுப்பு வைப்பதாகச் சொன்ன இடத்தில் கண்ணாடி வைத்திருந்தார்கள். சுற்றுலாக்காரி ஒருத்தி தொப்பி போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அனுமதி கிடைத்தது. அன்றைக்கு ஆபீசில் எல்லாருக்கும் கரிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, மேடம் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

படகு சீசனை நம்பிக் கடை வைப்பது புத்தி இல்லை என்று மச்சான்கள் சொல்லிவிட்டார்களாம். நெடுஞ்சாலையில் பஸ்ஸும் காரும் நிற்கிற ஆயர் ஈத்தாமில் கடை எடுத்தார்கள். அந்தப் பைலை மேடம் பத்து பகாட் பக்கத்து ரன்னரிடம் கொடுத்துவிட்டார். தூரம் என்று காரணம் சொன்னார். தூரம்தான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காலத்தில் ஆள் வருவதற்கு முன்பே பாஸ்போர்ட் படம் வந்துவிடுகிறது. செம்பனைத் தோட்டத்து ரோட்டில் மணிக்கணக்கில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற வாய்ப்பு உங்களுக்கு இல்லை. ஸ்பீக்கரில் பெண்டாட்டி சண்டை போடுவது உங்கள் காதில் விழாது. அதனால் நீங்கள் வாயைத் திறந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். அங்கே உங்களுக்காகக் காத்திருப்பது யார், அவர்கள் வர வேண்டுமா, யார் யார் சேர்ந்து இருக்கப் போகிறீர்கள்? இதைக் கேட்டால் கிளையண்டு முதலில் மழுப்புவார். இன்னொரு தடவை கேளுங்கள். திட்டினால் திட்டட்டும் என்று கேளுங்கள். எந்த லைசென்ஸ் சீக்கிரம் கிடைக்கும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். எந்த லைசென்சில் வீட்டு ஆளுக்கு இடம் இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பேர் கொடுங்கள் என்று யாராவது உங்களிடமே கேட்கும் நாளும் வரும். நம் ஊர்தானே. அன்றைக்கு உங்களுக்கும் ஆசையாக இருக்கலாம். ஆசை இருப்பது குற்றம் இல்லை. அந்த ஆசையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, சரியானதைச் சொல்லிவிட்டு எழுந்து வரப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆயர் ஈத்தாமுக்கு ஒரு தடவை போனேன். ஓய்வு பெறுவதற்கு முந்தின ஆண்டு, மகன் குடும்பத்தோடு கோலாலம்பூர் போய்த் திரும்புகிற வழியில். பானை சட்டி வாங்க வேண்டும் என்று மருமகள் கேட்டாள், அதற்காக நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். எதிர்ப்பக்கம் கடை. கூட்டம் நல்ல கூட்டம். கல்லாவில் பேச்சி. குரலை வைத்தே கண்டுபிடித்தேன். நான் அஞ்சலை என்றதும் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! எத்தன வருசமா கூப்பிடுதேன், வர மாட்டேங்கிய. இவுககிட்ட கேட்டா, அவுங்க பிசி, அவுங்க பிசிங்காக. ஒக்காருங்க. நண்டு இருக்கு."

இலை போட்டாள். அவளே பரிமாறினாள். என் பேரப்பிள்ளைக்கு நண்டு ஓட்டை உடைத்து ஊட்டினாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து சண்டை போட்டுக்கொண்டு கடை நடத்துகிறார்கள் என்பது அவள் பேச்சிலேயே தெரிந்தது. முகத்தில் சதை போட்டிருந்தாள். போட்டோவுக்குப் பெண்டாட்டியாக இருந்தவள் மாதிரியே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

உள்ளே இருந்து அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"அஞ்சலை. கொழம்பு எப்படி இருக்கு?"

பேச்சி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லா இருக்கு என்று சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்று பட்டது.

"கொஞ்சம் உப்பு கம்மி" என்றேன்.

பேச்சி கை தட்டிச் சிரித்துவிட்டாள். "அப்படிப் போடுங்க அக்கா! இந்தக் கடையில இவுகளப் பாத்து அப்படிச் சொன்ன ஆளே கெடையாது!"

அவர் சிரிக்கவில்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமா. கம்மிதான்" என்றார். உள்ளே போய்விட்டார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.